மார்கழி வந்தால் மல்லிகை எங்கே போகிறது?

தங்கம் விலை ஏறினால் பத்திரிகையில் செய்தி வரும். பெட்ரோல் விலை ஏறினாலும் செய்தி வரும். ஒரு பூவின் விலை ஏறினால் செய்தி வருமா?

வரும். மதுரை மல்லிகைக்கு வரும்!

கார்த்திகை பிறந்ததும் ஆண்டுதோறும் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. முதலில், "மல்லிகை கிலோ 1,000 ரூபாய்" என்பார்கள். மார்கழியில் அது 2,000 ஆகும். பொங்கலுக்கு முதல் நாள் 3,000, 4,000 என்று போன ஆண்டுகளும் உண்டு. இதே பூ, சித்திரையில் கிலோ 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும்.

வீட்டு வாசலில்தான் இந்தத் தகராறு முதலில் நடக்கிறது.

"என்னம்மா இது? போன மாசம் முழம் 30 ரூபாய்க்குக் கொடுத்தீங்க. இப்போ 100 ரூபாயா?"

"நான் என்னக்கா பண்ணட்டும்? மார்க்கெட்டிலே பூவே இல்லே. பனி கொட்டுது. வேணும்னா காக்கடா வாங்கிக்குங்க."

வாங்குகிறவர் பூக்காரம்மாவைச் சந்தேகப்படுகிறார். பூக்காரம்மா கமிஷன் கடைக்காரரைக் கை காட்டுகிறார். கமிஷன் கடைக்காரர் பனியைக் கை காட்டுகிறார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, "தோட்டக்காரருக்கு இந்த மாசம் யோகம்தான்" என்று முடித்து விடுகிறார்கள்.

அது உண்மை அல்ல. விலை உச்சியில் இருக்கும் நாளில் தோட்டக்காரரிடம் விற்கப் பூ இல்லை. பூ மலையாகக் குவியும் நாளில் விலை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மல்லிகை விவசாயி ஆண்டு முழுவதும் நிற்கிறார். அவரை அங்கே நிறுத்தி வைத்திருப்பது முதலில் வானிலை. அடுத்தது பஞ்சாங்கம்.

மொட்டு பிறக்கும் இடம்

மதுரை மல்லிகை என்பது குண்டுமல்லி. இதழ் தடிப்பாக இருக்கும். மொட்டு உருண்டையாக இருக்கும். பறித்த பிறகும் வெகு நேரம் வாடாது. 2013-ம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் இது பெருமளவில் பயிராகிறது. இந்தத் தோட்டங்களுக்கு வேண்டிய நாற்றில் பெரும் பகுதி, கடல் நடுவே இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்து மணலில் வேர் விட்டு வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

மல்லிகைச் செடியில் மொட்டு எங்கே பிறக்கிறது? பழைய கிளையில் அல்ல. புதிதாக விட்ட தளிரின் நுனியில் பிறக்கிறது. புதுத் தளிர் இல்லாவிட்டால் மொட்டு இல்லை. மல்லிகையின் கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கி இருக்கிறது.

தளிர் விடுவதற்கு வெயில் வேண்டும். இரவிலும் ஓரளவு சூடு வேண்டும். வேருக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

பங்குனி முதல் ஆனி வரை இவை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கின்றன. அப்போது செடி தளிர்மேல் தளிராக விடுகிறது. விடிவதற்கு வெகு நேரம் முன்பே பெண்கள் நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக் கொண்டு தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். அன்று மாலை விரியப் போகிற மொட்டு எது, நாளைக்கு விரியப் போவது எது என்று விரல்களே கண்டுபிடித்து விடும். ஒரு கிலோ சேர்வதற்கு ஆயிரக்கணக்கான மொட்டுகளைப் பறிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். காலையில் பறித்த மொட்டு சாயங்காலம் பெண்களின் தலையில் விரிகிறது. மறுநாள் அதற்கு மதிப்பு இல்லை. நெல்லைப் போலவோ மிளகாயைப் போலவோ விலை வரும் வரை மூட்டை கட்டி வைக்க முடியாத சரக்கு இது!

பனியா, குளிரா?

"பனி பெய்வதால் மல்லிகை வரத்துக் குறைவு" என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. இது பாதி உண்மை.

பனித்துளி மொட்டின் மேல் உட்கார்ந்து காலை 9 மணி வரை காயாமல் இருந்தால், மொட்டின் நிறம் மங்கிப் பழுப்பு ஏறும். அது பனியின் வேலை. ஆனால் மொட்டு பிறக்காமலே போவது பனியால் அல்ல, குளிரால். மார்கழி, தை மாதங்களில் பகல் சுருங்குகிறது. வெயிலின் வேகம் குறைகிறது. மதுரைப் பக்கம் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வந்து விடுகிறது. மலையை ஒட்டிய ஊர்களில் அதற்கும் கீழே போகிறது. மனிதருக்கு அது சுகமான குளிர். மல்லிகைக்கு அது உறக்கம். தளிர் விடுவது நின்று போகிறது. தப்பித் தவறி வந்த மொட்டும் சிறுத்து விடுகிறது. சிறுத்த மொட்டை எத்தனை பறித்தாலும் எடை நிற்காது.

எல்லா ஊருக்கும் இந்தக் கணக்கு ஒன்று போல் இருப்பதில்லை. சத்தியமங்கலம் மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் சீக்கிரம் இறங்கும். நிலக்கோட்டைக்கு ஒரு பக்கம் சிறுமலை, மறு பக்கம் கொடைக்கானல் மலை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை கடலுக்குப் பக்கம். குளிரின் கடுமை அங்கே குறைவு. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பொல்லாதது. காற்றாலைகளுக்கு அது கொண்டாட்டம், தளிருக்குத் திண்டாட்டம்.

ஆக, இந்த ஊர்களில் எல்லாம் வளர்வது ஒரே மல்லிகைதான். ஆனால் ஒரு மலை, ஒரு கணவாய், கொஞ்சம் கடல் காற்று, இவை போதும், அது பூக்கும் நாளை மாற்றி விட.

கத்தரி விழுந்த செடி

குளிர் மட்டும்தான் காரணமா? இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பூ வாங்குகிறவர்கள் அறிய மாட்டார்கள்.

கார்த்திகைக் கடைசியில் தோட்டக்காரரே செடியை வெட்டி விடுகிறார்!

இதற்குக் கவாத்து என்று பெயர். சில நாள் தண்ணீரை நிறுத்திச் செடியை வாட விடுவார்கள். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு, மேலே உள்ள கிளைகளை எல்லாம் கத்தரித்து எறிவார்கள். மிச்சம் இருக்கும் இலைகளையும் உருவி விடுவார்கள். பார்ப்பதற்கு மொட்டைக் குச்சிகளாக நிற்கும். பிறகு எரு வைத்துத் தண்ணீர் கட்டுவார்கள். அந்தக் குச்சிகள் தளிர்த்துப் பூவுக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மாசிக் கடைசியில் முதல் மொட்டுத் தெரியும்.

இந்தக் கவாத்து இல்லாவிட்டால் கோடையில் பூக்காடு கிடையாது. எப்படியும் பூ வராத குளிர் காலத்தில் வெட்டி விட்டால் நஷ்டம் குறைவு என்பது விவசாயிகளின் பழைய அனுபவம். நல்ல அனுபவம்தான். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் வெட்டுவதால் மார்க்கெட் ஒரேயடியாகக் காலியாகி விடுகிறது.

அந்தச் சமயம் பார்த்துத் தை பிறக்கிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. கோவில் பூஜைதான். தை பிறந்தால் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். மணப்பெண்ணின் ஜடைக்கும், மாலைக்கும், மேடைக்கும் மல்லிகை வேண்டும். செடி மொட்டைக் குச்சியாக நிற்கிற நாளில் ஊர் பூராவும் பூக் கேட்கிறது. பஞ்சாங்கம் எழுதியவர்கள் மல்லிகைச் செடியைக் கேட்டு எழுதவில்லை!

வரத்துக் குறைவு, கிராக்கி அதிகம். கிலோ 3,000 ரூபாய் ஆவதற்கு யாருடைய சூழ்ச்சியும் தேவை இல்லை. இடையில் சிலர் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக் கொள்வது வேறு விஷயம். காக்கடாவைக் கலந்து மல்லிகை என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பார்வைக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரிந்து விடும்.

யாருக்கு லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை ஏக்கர் மல்லிகை வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளலாம்.

வைகாசியில் ஒரு நல்ல நாளில் 25 கிலோ பூ. கிலோ 200 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். பறிக்கும் கூலி கிலோவுக்கு 60 ரூபாய் வீதம் 1,500. கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 500. கையில் மிச்சம் 3,000 ரூபாய். இதில்தான் தண்ணீர், எரு, மருந்துச் செலவு எல்லாம்.

மார்கழியில் அதே தோட்டத்தில் 1 கிலோ. விலை 3,000 ரூபாய். அந்த ஒரு கிலோவுக்காகத் தோட்டம் முழுவதும் தேடிப் பார்த்துப் பறிக்க இரண்டு பேர் வேண்டும். கூலி 500. கமிஷன் 300. மிச்சம் 2,200 ரூபாய்.

விலை 15 மடங்கு ஏறி இருக்கிறது. தோட்டக்காரர் கையில் வந்ததோ முன்னைவிடக் குறைவு! அந்த ஒரு கிலோவும் கிடைக்காத நாட்கள் எத்தனையோ. பத்திரிகையில் வருவது விலை. வீட்டுக்கு வருவது விலையும் எடையும் சேர்ந்த கணக்கு. இந்த வித்தியாசத்தை மறந்து விட்டுத்தான் "யோகம்" என்று சொல்கிறார்கள்.

கோடையின் கஷ்டம் இன்னொரு மாதிரி. ஒரு கோடை மழை பெய்தால் அன்றைய பூ கெட்டு விடும். நனைந்த மொட்டைச் சாக்கில் கட்டினால் சூடேறிக் கறுத்துப் போகும். மழை விட்டுச் சில வாரம் கழித்துத் தளிர்கள் எல்லாம் ஒன்றாக மொட்டு வைக்கும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் பூ. விலை தரையைத் தொடும்.

அப்போது கை கொடுப்பவை வாசனைத் தொழிற்சாலைகள்தான். 1,000 கிலோ மல்லிகையிலிருந்து ஒன்றிரண்டு கிலோ மெழுகு போன்ற வாசனைப் பொருள் கிடைக்கும். அது வெளிநாடுகளுக்கு வாசனைத் திரவியம் செய்யப் போகிறது. தொழிற்சாலைகள் மிஞ்சிய பூவைத்தான் எடுத்துக் கொள்கின்றன. அதனால் கொடுக்கிற விலையும் மிஞ்சிய பூவுக்கான விலைதான்.

2020-ம் ஆண்டில் நடந்ததை விவசாயிகள் மறக்க மாட்டார்கள். மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பங்குனி மாதம், பூ கொட்டுகிற நேரம். கோவில்கள் மூடி இருந்தன. கல்யாணங்கள் நின்றன. பறித்தால் கூலி நஷ்டம், பறிக்காவிட்டால் செடிக்குக் கேடு. வானிலை ஒரு குறையும் வைக்காத மாதத்திலும் மல்லிகை விவசாயிக்குக் கஷ்டம் வரும் என்று அந்த ஆண்டு காட்டியது.

மழையின் குணம்

மதுரை வட்டாரத்துக்குப் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். நிலத்தடி நீருக்கு அது உயிர். கோடைப் பூவுக்கும் அதுதான் ஆதாரம். ஆனால் பெய்கிற நாளில் செடிக்கு அது சோதனை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஈரம் அதிகமானால் மொட்டுப் புழு பெருகும். புழு ஒரு மொட்டைத் துளைத்து, பக்கத்து மொட்டுகளையும் நூலால் பின்னிச் சேர்த்துத் தின்னும். வெயில் அதிகமானால் வேறு பகைவன். செம்பேன் வந்து இலையை வெளுக்க வைக்கும்.

இதே குண்டுமல்லியைக் கர்நாடகத்தில் உடுப்பிப் பக்கத்து மக்களும் வளர்க்கிறார்கள். உடுப்பி மல்லிகைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பெரிய தோட்டம் அல்ல. வீட்டுக் கொல்லையிலேயே சில பத்துச் செடிகள். அங்கே மழை ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும். அப்போது பூ குறைந்து விடும். மதுரையில் பூ நிறைந்த மாதம் அங்கே பூ மெலிந்த மாதம்! அங்குள்ள சங்கரபுரத்தில் அன்றன்றைக்கு விலையை நிர்ணயம் செய்து அறிவிக்கிற வழக்கம் இருக்கிறது. செடி வைத்திருக்கும் வீட்டுப் பெண்மணிக்கும் இன்றைய விலை இன்னது என்று தெரிந்து விடும். மதுரைப் பக்கத்தில் விலை காலை 5 மணிக்கு ஒன்று, 9 மணிக்கு ஒன்று. உடுப்பியில் நடப்பதை இங்கே உள்ளவர்கள் ஒரு தரம் போய்ப் பார்த்து வரலாம்.

மழை இப்போதெல்லாம் சொன்ன நாளில் வருவதும் இல்லை, சொன்ன நாளில் போவதும் இல்லை. 2021-ம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் வழக்கத்துக்கு விரோதமாகப் பெருமழை பெய்தது. அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்ததை எல்லாரும் பேசினார்கள். கவாத்துச் செய்து இளந்தளிர் விடும் நேரத்தில் இப்படி ஒரு மழை வந்தால் மல்லிகைத் தோட்டம் என்ன ஆகும் என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை. 2024-ல் ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் உள் மாவட்டங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி அடித்தது. மல்லிகைக்கு வெயில் பிடிக்கும். ஆனால் தண்ணீர் இல்லாத வெயில் மொட்டைச் சுட்டு விடும்.

வழி உண்டா?

ஒரு வழி இருக்கிறது. தோட்டம் முழுவதையும் கார்த்திகையில் வெட்டாமல், ஒரு பகுதியைப் புரட்டாசியிலேயே கவாத்துச் செய்வது. அந்தப் பகுதி மார்கழியில் பூவுக்கு வரும். குளிரால் நிறைய வராது. ஆனால் கொஞ்சம் வந்தாலும் விலை உண்டு. வேளாண்மை விஞ்ஞானிகளும் பருவம் தவறிய பூவுக்கு இந்த வழியைச் சொல்கிறார்கள்.

பிறகு ஏன் எல்லாரும் செய்யவில்லை? ஐப்பசி மழை இளந்தளிரின் மேலேயே விழும். மருந்துச் செலவு இரட்டிப்பு. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்தச் சூதாட்டத்தில் இறங்கத் தைரியம் வராது. நாலைந்து ஏக்கர் உள்ளவர் ஒரு ஏக்கரைப் பணயம் வைக்கலாம். தவிர, எல்லாருமே புரட்டாசியில் வெட்டினால் மார்கழி விலையும் இறங்கி விடும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நட்சத்திர மல்லிகை என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அது ஆண்டு முழுவதும் பூக்கக் கூடியது. தாய்மார்கள் அதைக் குண்டுமல்லிக்கு ஈடாக ஏற்பார்களா என்பதுதான் கேள்வி. மதுரைக்காரர்களிடம் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்!

அவசரமாக வேண்டியது வேறு. கோடையில் பூ குவியும்போது, வாசனைத் தொழிற்சாலைகள் இன்ன விலைக்குக் குறையாமல் எடுக்கும் என்ற ஒப்பந்தம். சிறு விவசாயியின் ஆண்டு வருமானம் கோடையில்தான் இருக்கிறது, மார்கழியில் அல்ல. அதிகாரிகளின் கவனமோ விலை ஏறும் மாதத்தில் மட்டும் பூ மார்க்கெட் பக்கம் திரும்புகிறது.

வீட்டுக் கொல்லையில்

வீட்டில் ஒரு மல்லிகைச் செடி வைத்திருப்பவர்கள், "மூன்று மாதமாக ஒரு மொட்டுக்கூட இல்லை, செடி கெட்டுப் போய் விட்டதா?" என்று கவலைப்படுவது உண்டு. மார்கழியில் அப்படி இருந்தால் கெட்டுப் போகவில்லை. உறங்குகிறது.

அந்தச் சமயத்தில் பயந்து போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுவதுதான் தவறு. மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் எந்த உரம் போட்டாலும் மல்லிகை இலையாகத்தான் தழைக்கும். தொட்டியில் இருந்தால் வெயிலுக்கு நகர்த்த வேண்டும். மழை நின்றதும், கார்த்திகைக் கடைசியில், மனதைக் கல்லாக்கிக் கொண்டு கிளைகளை வெட்டி விட வேண்டும். இலைகளை உருவி, அடியில் மக்கிய சாணி எரு வைக்க வேண்டும். நூல் பின்னிய மொட்டுகள் தெரிந்தால் அவற்றைக் கிள்ளி எறிந்து விட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

தையில் குச்சியின் கணுக்களில் பச்சைப் புள்ளி தெரியும். மாசியில் தளிர் நீளும். பங்குனி உத்திரத்துக்குள் செடியில் மொட்டு நிற்கும். அதற்குள் மதுரை மார்க்கெட்டிலும் மல்லிகை விலை பழைய நிலைக்கு இறங்கத் தொடங்கி இருக்கும்.